கிட்டார் ஹெட்ஸ்டாக்: வடிவ வழக்குகளும் சுருதித் தொல்லைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிட்டார் பழுது பார்க்கிறவன். என் மேசைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு ஓயாமல் திரும்பி வரும். ஒன்று, "அண்ணா, இது லாஸூட் கிட்டாரா?" இன்னொன்று, "மூணாவது கம்பி மட்டும் ஏன் சுருதியில நிக்கவே மாட்டேங்குது?" முதலாவது கோர்ட் சமாச்சாரம், இரண்டாவது கைவேலை. ஆனால் இரண்டும் ஒரே மரத்துண்டில், கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் போய்த்தான் முடிகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

ஹெட்ஸ்டாக்கில் அப்படி என்ன நடக்கிறது?

வீணையில் பிரடைகள் இருக்கும் இடத்துக்குச் சமமானது கிட்டாரின் ஹெட்ஸ்டாக். பிரிட்ஜிலிருந்து கிளம்பும் ஆறு கம்பிகளும் நெக் முழுக்க ஓடி, நட் என்கிற சின்னப் பட்டையின் பள்ளங்களில் ஏறி இறங்கி, ஹெட்ஸ்டாக்கில் உள்ள டியூனர் தண்டுகளில் சுற்றிக்கொள்கின்றன. சாவியைத் திருப்பும்போதும் கம்பியை வளைக்கும்போதும் அது நட்டின் பள்ளத்தில் ஒரு மயிரிழை அளவு வழுக்கிப் போய்வர வேண்டும். போனது திரும்பி வராவிட்டால் சுருதி போச்சு. அந்தக் கம்பி எந்தக் கோணத்தில் நட்டைத் தாண்டுகிறது என்பதை முடிவு செய்வது ஹெட்ஸ்டாக்தான்.

கிட்டார் உடலை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கிறார்கள். ஹெட்ஸ்டாக்கைத் தொட்டால் மட்டும் வழக்கு ஏன்?

அமெரிக்க டிரேட்மார்க் சட்டம் ஒரு வடிவத்தைப் பார்த்துக் கேட்பது இதுதான்: இதைப் பார்த்ததும் யார் செய்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிகிறதா? ஒரு வேலையைச் செய்வதற்காக உண்டான வடிவத்தை டிரேட்மார்க்காகப் பூட்டிவைக்க முடியாது. எல்லோரும் பல காலமாகச் செய்து பொதுச்சொத்தாகிப் போன வடிவத்தையும் அப்படித்தான்.

ஃபெண்டர் நிறுவனத்துக்கு நேர்ந்தது இது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது 1954இல். அதன் உடல் வடிவத்தையும் டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் ஆகியவற்றின் உடல் வடிவங்களையும் பதிவு செய்யச் சொல்லி அந்த நிறுவனம் விண்ணப்பித்தபோது, வேறு கிட்டார் நிறுவனங்கள் சேர்ந்து எதிர்த்தன. 2009 மார்ச்சில் அமெரிக்க டிரேட்மார்க் தீர்ப்பாயம் விண்ணப்பத்தை நிராகரித்தது. எத்தனையோ நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அதே உடலைச் செய்து விற்றுக்கொண்டிருக்கின்றன, அந்த வடிவம் இனி ஒரு நிறுவனத்தை மட்டும் சுட்டாது என்பது காரணம். இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்து கேட்டால் எப்படி என்பதுதான் சாரம்.

ஹெட்ஸ்டாக்கின் விளிம்புக் கோடு வேறு மாதிரி. அந்தக் கோடு நெளிந்திருந்தாலும் நேராக இருந்தாலும் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. நிறுவனத்தின் பெயரும் அதன் மேல்தான் எழுதியிருக்கிறது. மேடையில் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் அது எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். ஆகவே அது கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. ஃபெண்டர் தன் ஹெட்ஸ்டாக் வடிவங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. மாற்று நெக் செய்து விற்கும் நிறுவனங்கள் உரிமம் வாங்கித்தான் அந்த வடிவத்தில் வெட்டுகின்றன. அந்த நெக்குகளில் 'ஃபெண்டர் உரிமம் பெற்றது' என்று முத்திரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

'லாஸூட் கிட்டார்' என்றால் என்ன?

1970களில் ஜப்பானின் ஹோஷினோ நிறுவனம் ஐபனீஸ் என்ற பெயரில் கிப்சன், ஃபெண்டர் கிட்டார்களின் பிரதிகளை அமெரிக்காவில் விற்றது. மாட்சுமோட்டோ நகரத்தின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் செய்தவை அவற்றில் பல. விலை குறைவு. வேலைப்பாடோ வருஷத்துக்கு வருஷம் மேலே போய்க்கொண்டிருந்தது. அதே காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் தரம் சரிந்துகொண்டிருந்தது. கிப்சனுக்கு உறுத்தாமல் இருக்குமா?

அப்போது கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின். அது 1977 ஜூனில், ஹோஷினோவின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது பிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கு முழுக் கிட்டாரைப் பற்றியது என்று நினைக்கிறவர்கள் நிறைய. உண்மையில் அது ஹெட்ஸ்டாக்கைப் பற்றியது. கிப்சன் ஹெட்ஸ்டாக்கின் மேல் விளிம்பு, திறந்து கவிழ்த்த புத்தகம் மாதிரி நடுவில் குழிந்து இரு பக்கமும் வளைந்திருக்கும். அந்த விளிம்பை எடுத்ததுதான் குற்றச்சாட்டு. 1978 தொடக்கத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை. அந்தப் பிரதிகளுக்குத்தான் 'லாஸூட்', அதாவது வழக்கு கிட்டார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

வழக்கு போடும் முன்பே ஐபனீஸ் தன் ஹெட்ஸ்டாக்கை மாற்றத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு பிரதி வேலையை விட்டுவிட்டுச் சொந்த வடிவங்களில் இறங்கியது. ஐஸ்மேன், ஆர்ட்டிஸ்ட், 1987இல் ஜெம் என்று இன்று நாம் அறிந்த ஐபனீஸ் அந்த நெருக்கடியில் வளர்ந்தது. வழக்கால் அதிகம் பயன் பெற்றது, வழக்குக்கு ஆளான நிறுவனம்தான் என்று நான் நினைக்கிறேன்.

என்னிடம் 1970களின் ஜப்பான் பிரதி ஒன்று இருக்கிறது. அதுவும் லாஸூட் கிட்டார்தானே?

இல்லை. அந்த வழக்கு எல்ஜர் மீது மட்டும்தான். டோக்காய், கிரெக்கோ, பர்னி என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டத்தைக் கட்டி விலை ஏற்றுவது விற்பவர்களின் பழக்கம். அவற்றில் அருமையான கிட்டார்கள் உண்டு. ஆனால் கிட்டாரின் தரத்துக்குக் காசு கொடுங்கள், பட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பிரதிகளுக்கு ஃபெண்டர் சொன்ன பதில் வேறு: 1982இல் ஜப்பானியக் கூட்டாளிகளுடன் சேர்ந்து அங்கேயே 'ஃபெண்டர் ஜப்பான்' தொடங்கிவிட்டது.

பி.ஆர்.எஸ். மீது கிப்சன் போட்ட வழக்கு என்ன ஆனது?

கிப்சன் தோற்றது. ஆனால் கடைசித் தீர்ப்பு வருவதற்குள் பி.ஆர்.எஸ். பட்ட பாடு கொஞ்சமில்லை.

மேரிலாந்தின் பால் ரீட் ஸ்மித் (பி.ஆர்.எஸ்.) நிறுவனம் 2000இல் 'சிங்கிள்கட்' என்ற மாடலைக் கொண்டுவந்தது. உடலில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு இருப்பதால் அந்தப் பெயர். 1952 முதல் வரும் கிப்சனின் லெஸ் பால் கிட்டாரும் அதே ஒற்றை வெட்டு உடல்தான். ஹெட்ஸ்டாக் மட்டும் முற்றிலும் வேறு. லெஸ் பால் உடல் வடிவத்துக்குத் தன்னிடம் டிரேட்மார்க் பதிவு இருப்பதைக் காட்டி கிப்சன் வழக்குப் போட்டது. 2004இல் நாஷ்வில் நீதிமன்றம் கிப்சன் பக்கம் தீர்ப்புச் சொல்லித் தடையும் விதித்தது. சிங்கிள்கட் உற்பத்தி நின்றது.

மேல்முறையீட்டில் கதை திரும்பியது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கிற எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார் என்று கிப்சன் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் புகை சூழ்ந்த மதுக்கூடத்தில் தூரத்து மேடையில் சிங்கிள்கட்டைப் பார்க்கும் ஒருவர் அதை லெஸ் பால் என்று நினைக்கக்கூடும் என்று வாதாடியது. 2005 செப்டம்பரில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போட்டிப் பொருள்கள் தூரத்திலிருந்து பார்த்தால் ஓரளவு ஒன்றுபோலத்தான் இருக்கும், அதற்காக ஒருவருக்கு மட்டும் உரிமை கொடுத்துவிட முடியாது என்று தடையை நீக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் கிப்சனின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது.

டீன் கிட்டார் வழக்கு? ஐரோப்பாவில் ஏதோ நடந்ததாமே?

2019இல் கிப்சன், டீன் கிட்டார்களின் உரிமையாளரான அர்மடில்லோ நிறுவனத்தின் மீது டெக்சாஸில் வழக்குப் போட்டது. கிப்சன் மாடல்களான ஃபிளையிங் வி, எக்ஸ்ப்ளோரர், எஸ்.ஜி. ஆகியவற்றின் உடல்களோடு ஹெட்ஸ்டாக்கின் விளிம்பும் அதில் இருந்தது. 2022 மே மாதம் ஜூரி பெரும்பாலும் கிப்சன் பக்கம் சொன்னது. ஆனால் கிடைத்த இழப்பீடு 4,000 டாலர். கிப்சனின் இன்னொரு மாடலான இ.எஸ்.ஸின் உடல் வடிவம் பொதுவாகிவிட்டது என்றும் அதே ஜூரி சொன்னது. பிற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அந்த வடிவங்களைச் செய்து வந்ததற்கான சான்றுகளை ஜூரிக்குக் காட்டவிடாதது தவறு என்று 2024இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து புது விசாரணைக்கு அனுப்பியது.

ஐரோப்பாவில் 2019 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், ஃபிளையிங் வி உடலுக்கு டிரேட்மார்க் கிடையாது என்றது. 1958இல் அது புதுமையாக இருந்திருக்கலாம், பிறகு எத்தனையோ வடிவங்கள் சந்தைக்கு வந்துவிட்டன என்பது அதன் பார்வை.

ஹெட்ஸ்டாக் வடிவத்தை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு டியூனர்களும் ஒரே பக்கம் வரிசையாக இருப்பதை லியோ ஃபெண்டரின் கண்டுபிடிப்பு என்பார்கள். அமெரிக்காவில் கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்காக பால் பிக்ஸ்பி 1948இல் செய்த கிட்டாரின் ஹெட்ஸ்டாக்கைப் பாருங்கள். நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்ட்ராட்டின் அண்ணன் என்று சொல்லலாம். அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் முன்னால், வியன்னாவில் யோஹான் ஸ்டாஃபர் ஆறையும் ஒரே பக்கம் வைத்துச் சுருள் மாதிரி வளைந்த ஹெட்ஸ்டாக் செய்தார். மார்ட்டின் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கிய சி.எஃப். மார்ட்டின் அவரிடம் வேலை கற்றவர்; அமெரிக்காவில் செய்த ஆரம்பகாலக் கிட்டார்களில் அந்த வடிவத்தையே வைத்தார்.

ஆக, டியூனர்களின் வரிசை யாருடைய சொத்தும் இல்லை. ஹெட்ஸ்டாக்கில் வழக்குக்கு உள்ளாவது விளிம்புக் கோடு மட்டுமே. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

லெஸ் பாலில் மூன்றாவது கம்பி ஏன் நிற்பதில்லை?

பழிச்சொல் எப்போதும் டியூனருக்குப் போகும். பத்துக்கு எட்டு கிட்டாரில் டியூனர் நிரபராதி.

கிப்சன் வகை ஹெட்ஸ்டாக் பின்பக்கமாக 17 டிகிரி சாய்ந்திருக்கிறது. 1960களின் நடுவில் 14 டிகிரிக்குக் குறைத்தார்கள், பிறகு பழையபடி 17க்கே போனார்கள். எனவே நட்டைத் தாண்டியதும் கம்பி நன்றாகக் கீழ்நோக்கி மடிகிறது. அது போதாதென்று பக்கவாட்டிலும் மடிகிறது. டியூனர்கள் பக்கத்துக்கு மூன்றாக இருக்கின்றன, மேலே போகப் போக ஹெட்ஸ்டாக் அகலமாகிறது. நட்டின் நடுவிலிருந்து கிளம்பும் மூன்றாம், நான்காம் கம்பிகள்தான் மேல் மூலைக்குப் போக அதிகமாக விலக வேண்டியிருக்கிறது. கிணற்றுக் கயிறு கட்டையில் எவ்வளவு வளைந்து போகிறதோ அவ்வளவு இறுக்கிப் பிடிக்கும். நட்டிலும் அதே கணக்குத்தான்.

மூன்றாம் கம்பிக்கு இன்னொரு சாபம் உண்டு. மேல் சுற்று இல்லாத வெறும் கம்பிகளில் அதுதான் தடித்தது. சுருதிக்கு வர அது கொஞ்சம்தான் நீள்கிறது. அதனால் நட்டில் இம்மியளவு சிக்கினாலும் காதில் பெரிய விலகலாகக் கேட்கும்.

டியூனரா, நட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெதுவாகச் சாவியைத் திருப்புங்கள். சுருதி ஏறாமல் நின்று, சட்டென்று 'டிங்' என்ற சத்தத்தோடு குதித்தால் கம்பி நட்டில் மாட்டிக்கொண்டு விடுபடுகிறது. இது ஒன்றே பெரும்பாலும் போதும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், கம்பியை நன்றாக வளைத்து விடுங்கள். சுருதி இறங்கியிருக்கும். இப்போது நட்டுக்கும் டியூனருக்கும் இடையில் உள்ள துண்டை விரலால் அமுக்கி எடுங்கள். சுருதி ஏறி, இருந்த இடத்துக்கு வந்தால் குற்றவாளி நட். டிரெமோலோ கையை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் கம்பிக் கை) அமுக்கி விட்ட பிறகு சுருதி ஏறியே நின்றாலும் அதே குற்றவாளிதான். எதற்கும் வராமல் சுருதி இறங்கிக்கொண்டே போனால் டியூனரின் திருகையும், தண்டில் சுற்றிய விதத்தையும் பாருங்கள். புதுக் கம்பி என்றால் கையால் இழுத்து நீட்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

சரி, எப்படிச் சரி செய்வது?

போன மழைக்காலத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டு முறை டியூனர் மாற்றிய ஒரு லெஸ் பால் பிரதியைக் கொண்டுவந்தான். கம்பியைக் கழற்றிவிட்டு நட்டை லென்ஸில் பார்த்தேன். மூன்றாவது பள்ளத்தின் இரண்டு சுவரும் பளபளவென்று மின்னின. பையன் ஒல்லியான ஒன்பது நம்பர் கம்பி செட்டிலிருந்து தடித்த பதினொன்று நம்பர் செட்டுக்கு மாறியிருக்கிறான். பள்ளம் பழைய ஒல்லிக் கம்பிக்கு வெட்டியது. தடித்த கம்பி அதில் ஆப்பு மாதிரி உட்கார்ந்திருந்தது.

பள்ளம் கம்பியின் தடிமனைவிட 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். அடிப்பகுதி ஹெட்ஸ்டாக் பக்கமாகச் சரிய வேண்டும். கம்பி நட்டின் முன்விளிம்பில் மட்டும் அழுந்த வேண்டும். பின்பக்க வாயை அந்தந்த டியூனர் இருக்கும் திசைக்கு லேசாகத் திருப்பி வட்டமாக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். நட் அரத்தால் பத்துப் பதினைந்து இழுவை, பிறகு ஆயிரம் நம்பர் உப்புத்தாளை மடித்து மெருகு. மென்மையான பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் கிராஃபைட் ஒட்டிக்கொண்டு வழுக்கும். முதலில் பென்சிலை மட்டும் தேய்த்துப் பாருங்கள். ஐந்து ரூபாயில் முடிகிற வேலையாகவும் இருக்கலாம். ஆழமாக அரம் போட்டுவிட்டால் கம்பி ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு மாதிரி) உரசும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டும்.

சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி, மறுபடி ஏற்றுங்கள்.

எல்லாம் சரி செய்தும் இ மேஜர் கார்டில் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மூன்றாவது கம்பி உறுத்துகிறதே?

அது உங்கள் காதின் நுட்பம். இ மேஜரில் அந்தக் கம்பியின் முதல் ஃபிரெட், கார்டின் மூன்றாம் ஸ்வரம். நம் கணக்கில் அந்தர காந்தாரம். தம்புராவின் மீட்டலில் தானாக எழும் காந்தாரத்தைவிட கிட்டார் ஃபிரெட் தரும் காந்தாரம் சுமார் 14 சென்ட் (பக்கத்துப் பக்கத்து ஃபிரெட் இரண்டின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருக்கும், ஏனென்றால் ஃபிரெட்டுகள் பன்னிரண்டு சம பங்காக வைத்தவை. தம்புராவோடு பாடிப் பழகிய காதுக்கு இது தெரியாமல் போகாது. அதைச் சரிசெய்ய மூன்றாவது கம்பியை இறக்கினால் ஜி கார்டு கெட்டுவிடும். டியூனர் கருவி சொல்லும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தெரிந்த பிரச்சினைதானே, கிப்சன் ஏன் ஹெட்ஸ்டாக்கை மாற்றவில்லை?

மாற்றிப் பார்த்தது, வேறு வழியில். 2007இல் 'ரோபோ கிட்டார்' வந்தது. ஜெர்மனியின் டிரானிக்கல் நிறுவனத்தின் மோட்டார் டியூனர்கள் தாமே சுருதி சேர்க்கும். 2015இல் கிட்டத்தட்ட எல்லா மின்சார மாடல்களிலும் அவை கட்டாயமாகின. வாங்குகிறவர்கள் கோபப்பட்டார்கள். அடுத்த வருஷமே பழைய டியூனரோடு ஒரு வரிசையைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மோட்டார் சாவியைத் திருப்பும், நட்டில் சிக்கிய கம்பியை விடுவிக்காது.

டியூனர் இடத்தை மாற்றலாமே என்றால், விளிம்புக் கோடு மாறிவிடும். அந்தக் கோட்டுக்காகத்தான் 1977இலும் 2019இலும் கோர்ட்டுக்குப் போனார்கள். தன் சொந்த மலிவு பிராண்டான எபிஃபோனுக்குக்கூட, சில விதிவிலக்குகள் தவிர, அந்த விளிம்பைப் பல பத்தாண்டுகள் கொடுக்கவில்லை. 2024இல்தான் உயர்விலை எபிஃபோன்களுக்கு வந்தது. அத்தனை மதிப்பு அதற்கு. அடையாளத்துக்காகச் சட்டம் காக்கிற கோடும், கம்பியை மூலைக்கு இழுக்கிற அமைப்பும் ஒரே பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுமையை வாசிக்கிறவர் தலையில் வைப்பது எனக்கு வருத்தம்தான். பள்ளத்தை ஒழுங்காக வெட்டி அனுப்பினாலே பாதித் தொல்லை தீரும்.

ஃபெண்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லையா?

பக்கவாட்டு வளைவு கிட்டத்தட்ட இல்லை, கம்பிகள் நேராகப் போகின்றன. ஆனால் ஹெட்ஸ்டாக் சாயாமல் தட்டையாக இருப்பதால் ஒல்லிக் கம்பிகள் நட்டில் அழுந்தாமல் எழும்பும். அதற்குத்தான் குட்டிக் கொக்கி போட்டிருக்கிறார்கள். அந்தக் கொக்கியின் அடியிலும் கம்பி சிக்கும். அங்கேயும் பென்சில்.

கிப்சன் ஹெட்ஸ்டாக் உடைந்துவிட்டது. கிட்டார் அவ்வளவுதானா?

இல்லை. ஒரே மகோகனித் துண்டில் சாய்வை வெட்டுவதால் மரத்தின் ரேகை அங்கே குறுக்கே ஓடுகிறது. நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டுக்காக நட்டின் பின்னாலேயே குடைந்தும் இருக்கிறார்கள். கம்பிகள் சுமார் 45 கிலோ இழுவையில் நிற்கும்போது பின்பக்கமாக விழுந்தால் அங்கேதான் உடையும். முதலில் எல்லாக் கம்பிகளையும் தளர்த்துங்கள். பிளவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், சிலாம்பு போனால் பொருந்தாது. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். நல்ல மரப்பசையும் கிளாம்பும் இருந்தால் ஒட்டிய இடம் பழைய மரத்தைவிட உறுதியாகும். விற்கும்போது விலை குறையும், வாசிக்கும்போது வித்தியாசம் தெரியாது.

போலி கிப்சனை ஹெட்ஸ்டாக்கில் கண்டுபிடிக்க முடியுமா?

டிரஸ் ராடு மூடியைப் பாருங்கள். கிப்சனில் இரண்டு திருகு. போலிகளில் பெரும்பாலும் மூன்று.

சொந்தமாகக் கிட்டார் செய்கிறேன். எந்த ஹெட்ஸ்டாக் வைக்கலாம்?

பக்கத்துக்கு மூன்று, ஒரே பக்கம் ஆறு, எந்த வரிசையும் எடுத்துக்கொள்ளலாம். வேறொருவர் பதிவு செய்த விளிம்பை மட்டும் எடுக்காதீர்கள். சாய்வு 10 முதல் 13 டிகிரி போதும். காகிதத்தில் முதலில் நட்டைக் குறித்து, நெக்கில் கம்பிகள் வரும் அதே போக்கில் ஆறு கோடுகளை ஸ்கேலால் நேராக நீட்டுங்கள். டியூனர் தண்டின் ஓரம் அந்தக் கோட்டைத் தொடும்படி ஆறு ஓட்டைகளையும் குறியுங்கள். அதற்குப் பிறகு, அந்த ஓட்டைகளைச் சுற்றி உங்கள் விளிம்பை வரையுங்கள்.